பேர் போடாத நாள்கள்: பெருமந்தக் கால ஆட்குறைப்பும் தோட்டத் தமிழரும்

கிள்ளானிலிருந்து பந்திங் நோக்கிச் செல்லும் சாலையில், லங்காட் ஆற்றை ஒட்டி அமைந்துள்ள ஊர் தெலுக் பங்லிமா காராங். தெலுக் என்பது நீர் உள்வாங்கிய வளைவு. பங்லிமா என்பது படைத்தலைவன். காராங் என்பது கடுஞ்சினம் உடைமை. ஊர்ப்பெயர் மறத்தைப் பேசினாலும், அங்கு வாழ்ந்த தமிழரின் இருபதாம் நூற்றாண்டு வரலாறு பெரும்பாலும் கூலிக் கணக்கின் வரலாறேயாகும். ஆற்றுக்கு அப்பால் உள்ள கேரித் தீவு, எட்வர்ட் வாலண்டைன் கேரி என்னும் தோட்டத்துரையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தீவிலும் இக்கரையிலும் ரப்பரும் தென்னையும், பின்னர் செம்பனையும் வளர்ந்தன. அம்மரங்களின் நிழலில் லயங்கள் எழுந்தன. தோட்டங்களுக்குப் பின் வந்தது தடையற்ற தொழில் வளாகம். இன்று இவ்வூரின் பெயரைக் கேட்போர் பலருக்கு முதலில் நினைவில் எழுவது அந்த வளாகமே.

தொழிற்சாலை ஒன்று மறுசீரமைப்பு என்னும் சொல்லை அறிவிப்புப் பலகையில் ஒட்டும்போது, தொழிலாளர் அச்சொல்லின் பொருளை அகராதியில் தேடுவதில்லை. எத்தனை பேரை நிறுத்துவார்கள், மிஞ்சியவர்க்கு வாரத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்பதே அவர்கள் கேட்பது. இவ்விரு கேள்விகளும் இம்மண்ணில் பழையவை. ஆலை வருவதற்கு முன் அவை தோட்டத்தில் கேட்கப்பட்டன. அவை மிகக் கூர்மையாக எழுந்த காலம் 1930 முதல் 1933 வரையிலான பெருமந்தக் காலம். அக்காலத்தையும், அதற்குரிய மறுமொழி சட்டத்தில் ஏறுவதற்குப் பிடித்த அரை நூற்றாண்டையும் இப்பொழிவில் காண்போம்.

நாம் மொழியியல் துறையைச் சேர்ந்தோர். ஆதலால் ஒரு சொல்லிலிருந்து தொடங்குவது நமக்கு இயல்பு. தோட்டத் தமிழில் பேர் என்பது ஆளின் பெயரை மட்டும் குறிப்பதன்று. விடியலுக்கு முன் தொழிலாளர் பெரட்டுக் களத்தில் கூடுவர். பெரட்டு என்பது பெரேட் என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பர். கிராணியார் புத்தகத்தில் ஒருவருடைய பெயருக்கு நேரே குறியிட்டால் அன்றைக்கு அவருக்குப் பேர் போட்டாயிற்று. முழுநாள் வேலை ஒரு பேர். பாதி நாளுக்கு அரைப்பேர். இலங்கை மலையகத்திலும் இவ்வழக்கு உண்டு. ஒருவருடைய பெயரே அவருடைய ஒரு நாள் கூலிக்கு அலகாகிவிட்ட இச்சொல்லாட்சியை வெறும் வட்டார வழக்கு என்று ஒதுக்குவது பிழை. தினக்கூலி முறையின் முழு அமைப்பும் அதில் அடங்கியிருக்கிறது. பேர் போடாத நாளில் தொழிலாளி வேலையில்தான் இருக்கிறார், லயத்தில்தான் வசிக்கிறார், ஆனால் அன்றைக்கு அவருக்குக் காசு இல்லை. வேலையில் இருத்தல், வேலை இல்லாதிருத்தல் என்னும் இரண்டு நிலைகளையே சட்டமொழி எளிதில் அறியும். தோட்டத் தமிழோ இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது நிலை ஒன்று உண்டு என்பதை அறிந்து அதற்குச் சொல்லும் வைத்திருந்தது.

1929இல் மலாயா ரப்பரின் விலை ராத்தலுக்கு ஏறத்தாழ 34 காசு. 1932இல் ஆண்டுச் சராசரி 7 காசளவுக்கு இறங்கியது. அவ்வாண்டின் நடுவில் 5 காசையொட்டிக் கிடந்தது. காரணம் கடலுக்கு அப்பால் இருந்தது. உலகின் ரப்பரில் பெரும்பகுதியை வாங்கியவர் அமெரிக்கர். வாங்கியது பெரும்பாலும் மோட்டார் வண்டிச் சக்கரங்களுக்காக. அந்நாட்டில் 1929இல் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் உற்பத்தியாயின. 1932இல் பதின்மூன்று லட்சம் அளவே உற்பத்தியாயின. டெட்ராய்ட்டில் நின்றுபோன வண்டிக்கான பால் கோல லங்காட்டில் மரத்திலேயே நின்றது என்று சொன்னால் மிகையாகாது.

குறைப்பின் முதல் வடிவம் ஆள்நீக்கம் அன்று. இதனை மாணவர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். 1930ஆம் ஆண்டு மே மாதம் முழுதும் பால்வெட்டை நிறுத்துவது என்று பிரிட்டிஷ், டச்சு ரப்பர்த் தோட்ட முதலாளிகள் தம்முள் உடன்பட்டனர். சந்தையில் சரக்கைக் குறைத்து விலையை உயர்த்துவது நோக்கம். அதற்கு அவர்கள் இட்ட பெயர் பால்வெட்டு விடுமுறை என்னும் பொருள்படுவது. விடுமுறை என்ற சொல்லை இதைவிடக் கொடிய இடத்தில் நாம் கண்டதில்லை. மரத்துக்கு ஓய்வு, வெட்டுபவருக்கோ பேர் இல்லை. புல் வெட்டுதல், வடிகால் வெட்டுதல் போன்ற வேறு வேலைகள் ஆங்காங்கு தரப்பட்டிருக்கலாம். ஆயினும் அவை எல்லார்க்கும் போதுமானவை ஆகா. விடுமுறையால் விலையும் உயரவில்லை. சிறுதோட்டக்காரர் தம் குடும்ப உழைப்பைக் கொண்டு தொடர்ந்து வெட்டினர். கம்பெனித் தோட்டங்களின் செலவுச் சுமை அவர்களுக்கு இல்லை. ஒரு மாத முயற்சி பயனற்றுப் போனபின், லண்டனிலிருந்த கம்பெனிகளும் இங்கிருந்த ஏஜென்சி நிறுவனங்களும் செலவைக் குறைக்கும் வழிக்குத் திரும்பின. தோட்டத்தின் செலவில் பெரும்பங்கு கூலி. ஆகவே கத்தி கூலியின் மேல் விழுந்தது.

அதுவரை போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில், இந்தியக் குடியேற்றக் குழு வகுத்த தரக்கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் அது முறையே 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டது. குறைந்த கூலிக்கு உடன்படாதவர் தம் செலவின்றி ஊர் திரும்பலாம் என்பது அதனோடு சேர்ந்து வந்த ஏற்பாடு. பின்வந்த ஆண்டுகளில் பல தோட்டங்களில் ஆணின் கூலி 30 காசுக்கும் கீழே இறங்கியது. கூலி விகிதம் ஒருபுறம் இறங்க, வேலை நாள்களும் சுருங்கின. மரங்களை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுதல், சில பகுதிகளை முழுவதும் ஓய்வில் விடுதல் ஆகியன பரவின. மாதக் கணக்கில் வருமானம் என்பது கூலியையும் நாளையும் பெருக்கி வருவது. இரண்டும் குறையும்போது இழப்பு எவ்வாறு பெருகும் என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு எளிய கணக்காகவே போட்டுக் காட்டலாம். நாளுக்கு 50 காசு வீதம் 26 நாள் உழைத்தவர் பெறுவது 13 வெள்ளி. நாளுக்கு 30 காசு வீதம் 13 நாள் உழைத்தவர் பெறுவது 3 வெள்ளி 90 காசு. இரண்டாமவரையும் புத்தகம் வேலையில் உள்ளவர் என்றே காட்டும்.

இங்கு ஒரு நிதியைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியிருக்கிறது. தென்னிந்தியாவிலிருந்து ஆள்களைக் கொணரும் செலவைத் தோட்டங்களிடையே பகிர்ந்துகொள்வதற்காக 1907இல் தமிழர் குடியேற்ற நிதி நிறுவப்பட்டது. இந்தியத் தொழிலாளரை வைத்து வேலை வாங்கும் ஒவ்வொரு முதலாளியும் அந்நிதிக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். கட்டணத்தைக் கணக்கிட்ட முறை நோக்கத்தக்கது. தோட்டத்தில் இந்தியத் தொழிலாளர் மொத்தம் எத்தனை நாள் வேலை செய்தனர் என்பதே அடிப்படை. அதாவது, பெரட்டுக் களத்தில் போடப்பட்ட பேர்களின் கூட்டுத்தொகையே நிதியை நிரப்பியது. கங்காணியர் நாகப்பட்டினம், சென்னை வழியாக அழைத்துவந்தவர்களுக்குக் கப்பல் கட்டணம் அந்நிதியிலிருந்து வந்தது. 1930 ஆகஸ்டில் அவ்வாறு அழைத்துவருவது நிறுத்தப்பட்டது. அதன்பின் அதே நிதி, அதே கப்பல்களில், அதே மக்களைத் திருப்பி அனுப்பப் பயன்பட்டது. அவர்கள் உழைத்த நாள்கள் ஈட்டிய பணமே அவர்களை வெளியேற்றும் பயணச்சீட்டாயிற்று.

1930 முதல் 1932 வரை இவ்வாறு திருப்பி அனுப்பப்பட்டோர் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர். 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு மலாயாவில் இருந்த இந்தியரை ஏறத்தாழ ஆறு லட்சத்து இருபதாயிரம் என்று காட்டுகிறது. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பெயர்ச்சியின் அளவு விளங்கும். கிள்ளான், கோல லங்காட் வட்டாரத் தோட்டங்களுக்கு அருகிலிருந்த துறை போர்ட் சுவெட்டன்ஹாம். இன்றைய கிள்ளான் துறைமுகம். வந்தவர் இறங்கிய துறையிலேயே போகிறவர் ஏறினர்.

இதனைக் கருணை என்று கருதியோரும் அக்காலத்தில் இருந்தனர். வேலையற்றவர் தெருவில் பட்டினி கிடப்பதைவிடத் தம் ஊரில் உறவினரோடு இருப்பது நன்று என்பது அவர்கள் வாதம். முற்றிலும் பொய்யான வாதம் அன்று அது. சிலர் விரும்பியே போயினர். ஆனால் அதே மந்தத்தில் தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் நெல்விலையும் வேளாண் கூலியும் வீழ்ந்துகிடந்தன. அங்கே காத்திருந்தது வேலை அன்று. முதலாளிகளின் பார்வையில் இந்த ஏற்பாடு மலிவானது: வேலையில்லாக் காலத்தில் தொழிலாளரைக் காப்பாற்றும் பொறுப்பு தோட்டத்தை விட்டு நீங்கித் தமிழகக் கிராமங்களின் தலையில் ஏறியது. ரப்பர் விலை தேறினால் மீண்டும் கங்காணியை அனுப்பி அழைத்துக்கொள்ளலாம். அவ்வாறே நடந்தது. 1934இல் பன்னாட்டு ரப்பர்க் கட்டுப்பாட்டு உடன்பாடு ஏற்பட்டது. அவ்வாண்டே ஆள் அழைப்பும் மீண்டும் தொடங்கியது.

ஊர் என்னும் சொல்லையும் இங்கே கவனிக்க வேண்டும். தோட்டத் தமிழர் பேச்சில் ஊர் என்றால் தமிழகம். ஊருக்குப் போதல் என்றால் கப்பலேறுதல். நிருவாக ஏடுகளும் தாயகம் திருப்புதல் என்றே எழுதின. சொல்லளவில் இரண்டும் ஒத்துப்போயின. ஆனால் லயத்தில் பிறந்து, ஆயாக்கொட்டகையில் வளர்ந்து, தோட்டப் பள்ளியில் அரிச்சுவடி படித்த பிள்ளைக்கு எது ஊர்? பெற்றோரின் சொற்பொருள் பிள்ளையின் வாழ்க்கையோடு பொருந்தாத நிலை அது. 1947ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மலாயா இந்தியரில் ஏறக்குறையப் பாதிப்பேர் இம்மண்ணிலேயே பிறந்தவர்கள். ஊர் என்னும் சொல்லின் பொருள் மாறிவிட்டதை அக்கணக்கு நமக்கு உணர்த்துகிறது. ஆட்குறைப்புக்குக் கப்பலே விடை என்னும் எண்ணம் மட்டும் அத்துணை விரைவில் மாறவில்லை.

தோட்டப் பள்ளியைச் சொன்னோம். மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும். குடும்பங்கள் கப்பலேறினால் பிள்ளைகளின் எண்ணிக்கை குறையும். எண்ணிக்கை குறைந்தால் அக்கடமையின் அடிப்படையே தளரும். தொழிலாளி இழந்தது கூலியை மட்டும் அன்று. வேலை, வீடு, மருந்து, பள்ளி, கோயில் ஆகிய யாவும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்தன. பேரை வெட்டினால் முடிச்சு முழுதும் அவிழ்ந்தது.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் காட்சி வேறு. இருப்புப்பாதைத் துறையிலும் பொதுப்பணித் துறையிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தர்களாகவும் நிலைய அலுவலர்களாகவும் பணியாற்றிய தமிழர், குறிப்பாக யாழ்ப்பாணத்துத் தமிழர், அங்கு வாழ்ந்தனர். அரசும் சிக்கனக் கத்தியை எடுத்தது. அவர்களிலும் பலர் வேலை இழந்தனர். எனினும் நிலையான பதவியில் இருந்தவருக்கு ஓய்வூதிய விதி என்று ஒன்று இருந்தது. பதவி ஒழிக்கப்பட்டால் பணிக்காலத்தைக் கணக்கிட்டுத் தொகை கோர முடியும். விண்ணப்பம் எழுத ஆங்கிலமும் அவர்கள் கையில் இருந்தது. ஒரே மந்தம், ஒரே மொழி பேசுவோர்; ஒருவர்க்குப் பணிக்காலம் உரிமையாயிற்று, மற்றவர்க்குக் கப்பற்சீட்டே கிடைத்தது. நம் சமூக வரலாற்றை எழுதுவோர் இவ்வேறுபாட்டை அடிக்கடி கடந்துபோய் விடுகின்றனர்.

பின்னிகழ்ச்சிகளைச் சுருங்கச் சொல்வோம். 1936ஆம் ஆண்டின் இறுதியில் மலாயா வந்து நிலைமையை ஆய்ந்த சீனிவாச சாஸ்திரி, பழைய 50, 40 காசுக் கூலியை மீண்டும் அளிக்குமாறு பரிந்துரைத்தார். அது அளிக்கப்பட்டது, 1938இல் விலை சரியவே மறுபடியும் குறைக்கப்பட்டது. அவ்வாண்டில் இந்திய அரசு உதவி பெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்தது. போர்க்கால விலையேற்றத்தில் ரப்பர் கொழித்தபோதும் கூலி அதற்கேற்ப உயரவில்லை. 1941இல் கிள்ளானில் ஆர்.எச். நாதன் முதலியோரின் இந்தியர் சங்கத்தின் கீழ் எழுந்து சிலாங்கூரெங்கும் பரவிய வேலைநிறுத்தத்தை இப்பின்னணியில் வைத்தே படிக்க வேண்டும். கூலி உயர்வோடு, பத்துப் பன்னிரண்டு மணிநேர வேலைக்கு முடிவு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கத்தை ஒழித்தல் ஆகியனவும் கேட்கப்பட்டன. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார்; படை வந்தது; துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர் இறந்தனர். குறைகளை எடுத்துச்சொல்பவரை அதற்காகப் பழிவாங்கலாகாது என்பதும் கோரிக்கைகளுள் ஒன்று. பேரை வெட்டும் அதிகாரம் எத்துணை அச்சத்தை ஊட்டியிருந்தது என்பதற்கு அதுவே போதிய சான்று.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தோட்டத் தொழிலாளர்க்கென்றே அமைந்தது. நாள் கணக்கில் கூலி பெறும் தோட்டத் தொழிலாளிக்கு மாதத்தில் 24 நாளுக்குக் குறையாமல் முதலாளி வேலை தர வேண்டும்; தர இயலாவிடில், அவர் வேலை செய்ய ஆயத்தமாக இருந்த அந்நாள்களுக்கும் கூலி தர வேண்டும். பேர் போடாத நாளுக்கும் பேர் உண்டு என்று நாம் இதனைத் தோட்டத் தமிழில் பெயர்க்கலாம். பெரட்டுக் களத்தின் அலகு சட்டப் புத்தகத்தில் ஏறிய இடம் இது. இப்பிரிவின் வலிமை நாள் கணக்கில் நின்றது. வெட்டிய பாலின் எடைக்கு ஏற்ப வருவாய் அமைந்தவர்க்கு மழைக்காலம் மழைக்காலமாகவே இருந்தது. மாதச் சம்பளம் வேண்டும் என்னும் கோரிக்கை தோட்டத் தொழிலாளரிடையே நீண்ட காலம் ஒலித்ததற்குக் காரணமும் அதுதான்.

ஆயினும் 1950களிலும் 1960களிலும் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுச் சென்றபோது, வாங்கியவர் அவற்றைக் கூறுபோட்டு விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று நம்மவர் அழைத்தது இதனை. வேலை கொடுக்கும் தோட்டமே இல்லாதபோது 24 நாள் விதியால் என்ன பயன்? துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளி வீதம் சேர்த்துத் தோட்டங்களை வாங்க முற்பட்டது. வெளியேற்றப்படுபவரே உரிமையாளராகலாம் என்னும் எண்ணம் துணிவானது. அதன் நிறைகுறைகள் தனிப்பொழிவுக்கு உரியவை.

வேலை நிறுத்தம், தற்காலிக வேலையின்மை ஆகியவற்றுக்கான இழப்பீட்டு விதிகள் 1980இல் வந்தன. ஓராண்டுக்குக் குறையாமல் பணியாற்றியவர்க்கு உரிமை தொடங்கும். இரண்டாண்டுக்குக் குறைந்த பணிக்கு ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 15 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் 20 நாள். இவ்வெண்களைப் பலரும் அறிவர். நம் கவனத்தை ஈர்ப்பது வேறொரு விதி. தொடர்ந்து வரும் நான்கு வாரத்தில் குறைந்தது 12 வேலை நாளேனும் முதலாளி வேலை தராமல், அந்நாள்களுக்குச் சம்பளமும் இல்லையெனில், அத்தொழிலாளி தற்காலிகமாக நிறுத்தப்பட்டவராகவே கருதப்படுவார், இழப்பீடும் கோரலாம். புத்தகத்தில் பெயர் இருக்கிறது என்று காட்டி முதலாளி தப்ப முடியாது. 1930இல் 13 நாள் உழைத்து வேலையில் உள்ளவர் என்று எண்ணப்பட்டவரின் அந்த மூன்றாவது நிலை, ஐம்பது ஆண்டுக்குப் பின் எல்லாத் தொழிலாளர்க்கும் பொதுவான சட்டப் பெயர் பெற்றது.

1998ஆம் ஆண்டு நெருக்கடியில் நாட்டில் 83,000க்கும் மேற்பட்டோர் ஆட்குறைப்புக்கு ஆளானபோது, மின்னணு ஆலையில் பணிபுரிந்த தோட்டத்துப் பிள்ளைகள் கையில் இவ்விதிகள் இருந்தன. வேலையிழந்தோர்க்குச் சில மாதங்கள் வருவாயில் ஒரு பகுதியை ஈடுசெய்யும் வேலைவாய்ப்புக் காப்புறுதி 2018இல் நடைமுறைக்கு வந்தது. தோட்டத்தில் வேலையோடு போன வீட்டுக்கு மட்டும் இவ்விதிகள் எதுவும் ஈடு சொல்லவில்லை. 20 நாள் சம்பளக் கணக்கில் லயத்து வீட்டின் பரப்பளவு சேர்வதில்லை. 1990களில் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, இழப்பீட்டுக் காசோலையைக் கையில் வாங்கிக்கொண்டு லயத்தைக் காலிசெய்ய மறுத்த குடும்பங்கள் கேட்டது அந்த வீட்டைத்தான்.